உனக்காக இனி நான் பேச மாட்டேன்

அன்பு மகனுக்கு,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாய். சிரி, ஆனால் படித்து முடித்துவிட்டுச் சிரி. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரி பாதி தூரம் போனதும் கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது, நான் பிடித்து இழுத்து மேலே ஏற்றவேண்டியிருக்கிறது. சில எழுத்து பலாக்கொட்டை அளவு, சில எழுத்து சாமை அளவு. மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனாவின் கனமே தெரியவில்லை. அதனால் அழுத்திப் பிடிக்கிறேன், தாளின் மறுபக்கம் எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. மாலை வகுப்பு எடுக்கும் பெண், "தாத்தா, பேப்பரு கிழியுது, மெதுவா" என்று தினமும் சொல்கிறாள். தவறு இருந்தால் பொறுத்துக்கொள். இதை யார் கையையும் பிடித்து எழுதவில்லை, யாரிடமும் சொல்லி எழுதவைக்கவும் இல்லை. எல்லாம் நானே எழுதியது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. போன மாதம் மலையிலிருந்து இறங்கித் திருப்பத்தூர் போனபோது பஸ் ஸ்டாண்டில் இருக்கிற பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தேன். எனக்கு மனசுக்குள் படிக்க வராது. கட்டணக் கழிப்பிடம் என்பதைக்கூட சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் வந்த உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நான் பேசினால் ஜெயித்துவிடுவேன் தம்பி, அதனால்தான். என் வாய்க்கு ஒரு வேகம் உண்டு, உனக்குத் தெரியாததல்ல. எதிரில் இருப்பவர் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குள் இரண்டு பதில் தயாராகிவிடும், அதில் சிரிப்பு வருவது எதுவோ அதைச் சொல்லிவிடுவேன். எழுதும்போது அது நடக்கவில்லை. ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் அடுத்த சொல் நிஜமா பொய்யா என்று மனசு கேட்டுவிடுகிறது. எழுதத் தெரியாத வரைக்கும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

போன வாரம் நீ திருப்பூரிலிருந்து போன் செய்தாய். இந்த மாதக் கடைசியில் உன் வழக்குக்காக ஊர் கூடுகிறது என்று நான் சொன்னதும், "நீயே பேசி முடிச்சிடுப்பா" என்றாய். நானும் பழக்க தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்தச் சரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் பெண்டாட்டி சத்யா விஷயத்தில் உனக்காக நான் பேச மாட்டேன். வழக்கைத் தீர்த்துவைக்கிற ஊர்க்கவுண்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர், "இன்னாய்யா, படிக்கப் போயி நாக்கத் தொலைச்சிட்டியா?" என்றார். அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் வாழ்நாளில் அது எவ்வளவு சிரமமான காரியம் என்று நீ அறிவாய்.

ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்யா தன் அம்மா வீட்டுக்குப் போனபோது துணியை எல்லாம் எடுத்துக்கொண்டாள், அலமாரித் தட்டில் இருந்த ஒரு தடிப் புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டாள். மத்தியான வேளையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது நான், "இன்னாம்மா, அதுக்குள்ள ரசம் கிசம் கொதிக்குதா?" என்று கேலி செய்ததுண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் நான் எடுத்த முதல் புத்தகம் அதுதான். எழுதியது ஒரு அம்மா. வேறு தேசத்துக்காரர், செத்துப் பல தலைமுறை ஆகிறதாம். யாரோ புண்ணியவான் தமிழில் மாற்றி எழுதியிருக்கிறார். மழை மாதம் பூராவும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான் வாய்விட்டுப் படிக்க, உன் அம்மா புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்பாள். அவளுக்கு அந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாம் செங்கத்துப் பக்கம் கல்யாணமாகிப் போன சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது, "அந்தப் பொண்ணுக்குக் காச்ச வுட்டுச்சோ இன்னாவோ" என்பாள்.

கதை ஒரு உப்பு வியாபாரியைப் பற்றியது. கடலோர ஊர். அவன் இல்லாமல் அந்த ஊரில் விருந்து கிடையாது, ஏனென்றால் அவன் பேசினால் கூரை பறக்கச் சிரிப்பார்கள். அவனுக்கு ஒரு மனைவி. அவளைப் பற்றி முதலில் அந்த அம்மா எதுவுமே பெரிதாக எழுதவில்லை. பரிமாறினாள், விளக்கேற்றினாள், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிகிறது, கதையே அவளுடையது என்று. கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், எந்தப் பேச்சுக்கு அவன் மனைவி சிரிக்கவில்லை என்று பார்க்கவேண்டும், அவன் குணம் அங்கேதான் இருக்கிறது என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார். நான் அந்த வரியைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறதே என்று சிரித்தேன். தலை நிமிர்ந்து பார்த்தால் உன் அம்மா சிரிக்கவில்லை. புளியைத் தட்டிக்கொண்டே, "ஏன்யா, இந்த ஆளு உன்னாட்டமே கீறான்" என்றாள்.

அப்போது நான் விளையாட்டாகத்தான் கேட்டேன், நான் சொன்னதில் எதற்கு நீ சிரிக்கவில்லை என்று. அவள் யோசிக்கவே இல்லை. எங்கள் கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்டது, எதிர்பார்க்காத ஜனம் வந்து கடைசிப் பந்தியில் சோறு தீர்ந்துவிட்டது. அப்போது நான் ஏதோ சொன்னேனாம். மாமனார் வீட்டில் வயிற்றுக்கு இல்லாவிட்டால் என்ன, காதுக்கு மேளம் இருக்கிறதே என்பது மாதிரி. பந்தியே சிரித்ததாம். எனக்கு அது ஞாபகமே இல்லை தம்பி. உன் அம்மா சொன்னாள், "எங்கப்பா அன்னிக்குச் சாப்புடல. மறுநாளும் சாப்புடல." சொல்லிவிட்டு மறுபடியும் புளியைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் நானும் அவளும் எவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனை மழை ஆயிற்று. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உன் அம்மாவிடம் கேட்டேன். "எங்கிட்ட எதுக்குக் கேக்கற" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நம் ஊர்க் கூட்டம் உனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டி வழக்கு வந்தால் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கவேண்டும். அவனுக்காக ஒருவர் எடுத்துப் பேசுவார், அவளுக்காக ஒருவர். ஊர்க்கவுண்டர் கேட்டால் மட்டும் அவர்கள் வாய் திறக்கலாம். எடுத்துப் பேசுகிறவர்களில் எனக்கு நல்ல பெயர். புதூர்நாட்டில் மட்டுமா, நெல்லிவாசல் பக்கம் கூட என்னைக் கூப்பிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எழுந்து நின்றாலே பாதி பேர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். எத்தனை குடும்பத்தைச் சேர்த்துவைத்திருக்கிறேன் என்று பெருமையடித்திருக்கிறேன். சேர்த்துவைத்தேன் என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்களா? எனக்குத் தெரியாது. நான் பேசிவிட்டதால் அவர்கள் பேச வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. சண்டை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போனார்கள், சண்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு.

சத்யா முதல் தடவை கோபித்துக்கொண்டு போனபோதும் ஊர் கூடியது. நீ லீவு போட்டு வந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். ஊர்க்கவுண்டர் அவளைக் கேட்டார், அடித்தானா, குடித்தானா, கஞ்சிக்கு இல்லாமல் விட்டானா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பிறகு இன்னாதாம்மா கொறை என்று கேட்டார். அவள் சொன்னாள், "இவரு எங்கிட்டப் பேசறதே இல்லீங்க. மாசத்துல ஒருக்கா வர்றாரு, போனப் பாத்துக்கினு படுத்துக்கறாரு. நான் இன்னா கேட்டேன்னா..." அவ்வளவுதான் அவளை நான் விட்டேன். அதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். "பேச்சுத் தொணதானம்மா வேணும்? ரேடியோ ஒண்ணு வாங்கி வெச்சிடறேன். வேணான்னா திருகி நிறுத்திக்கலாம், புருசங்கிட்ட அந்த வசதி கெடையாது பாரு." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் பக்கத்துக்காக எடுத்துப் பேச வந்தவர்கூட துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. அவள் நம்மோடு வீட்டுக்கு வந்தாள். நான் சொன்ன சொல் தவறக்கூடாது என்று அடுத்த சந்தைக்கே செங்கம் போய் நிஜமாகவே ஒரு ரேடியோ வாங்கி வந்தேன். அதையும் ஒரு ஜோக்காக ஊரெல்லாம் சொன்னேன். சத்யா அதை ஒரு தடவை துடைத்துவைத்தாள். போட்டதே இல்லை.

அந்த உப்பு வியாபாரியின் மனைவி ஒரு நாள் எல்லாரிடமும் மிக மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பிக்கிறாள். கோபம் வந்து கத்துகிற பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, கோபம் வந்து மரியாதை கூடிப்போகிற பெண்ணைப் பார்த்துத்தான் பயப்படவேண்டும், அவள் மனசில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்கிறார் எழுதிய அம்மா. நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ரேடியோ வந்த பிறகு சத்யா எனக்குச் சாப்பாடு வைக்கும்போது, "போதுங்களா மாமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா மாமா" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை போட்டுக் கேட்டாள். அதற்கு முன்னால் அவள் அப்படி இல்லை. "மாமா, போதும்னா போதும்னு சொல்லு, அப்பறம் நாய்க்குப் போடாத" என்று அதட்டுகிற பெண். மருமகள் நன்றாகத் திருந்திவிட்டாள் என்று நான் பலரிடம் சொன்னேன். மழைக்கு முன்னால் அவள் மறுபடி போய்விட்டாள். இந்தத் தடவை யாரிடமும் குறை சொல்லவில்லை.

இதில் உன் பங்கு எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ ஏன் பேசுவதில்லை என்பதற்கு முதல் காரணம் நான். ஜீப்பில் யாராவது உன் பெயரைக் கேட்டால்கூட நான்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கும் நான். பெண் கேட்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று சத்யாவின் அத்தை விளையாட்டாகக் கேட்டபோதும் நான். நீ சின்னப் பையனாக இருந்தபோது மேலண்டை வீட்டுப் பலாவில் பழம் அறுத்துவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த வீட்டுக்காரர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். நான் பேசிய பேச்சில், வழிக்கு மேல் கிளை நீட்டி வளரவிட்டது தன் தப்புதான் என்று அவரே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். மகனைக் காப்பாற்றினேன் என்று அன்று எனக்கு மீசை துடித்தது. உன் அம்மா இப்போதுதான் சொல்கிறாள். "நாந்தான் அறுத்தேன், மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல நீ காலையிலிருந்து மாட்டுக்கொட்டாயில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். நான் அதைச் சொல்ல உனக்கு இடமே கொடுக்கவில்லை. அதற்கப்புறம் நீ எதையும் சொல்லிப் பார்த்துக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது. உன் குரலில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல நான் கேட்டதில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. உன்னோடு எவ்வளவு பேசியிருக்கிறேன், நீ எப்படிப் பேசுவாய் என்று எனக்குத் தெரியாது.

முந்தாநாள் சத்யாவைப் பார்க்க நெல்லிவாசல் போனேன். ஜீப் பாதி வழியோடு நின்றுவிட்டது, மீதியை நடந்தேன். என்னைப் பார்த்ததும் உன் மாமனார் பாய் போட்டார், பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட ஆள் அனுப்பினார், நான் பேச வந்திருக்கிறேன் என்று. நான் பேச வரவில்லை சம்பந்தி என்றேன். "பேச வரலன்னா இன்னாத்துக்கு வந்த?" என்றார். சும்மா வந்தேன் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு ஜோக் ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குச் சிரிப்பு நின்றது, அப்புறம் சங்கடமாகி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். உன் மாமனார் மாட்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சத்யா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். என்னம்மா சௌக்கியமா என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு எங்காவது ஓடிவிடும் என்று நேராகவே கேட்டேன். "அன்னிக்கிக் கூட்டத்துல நீ இன்னாவோ கேட்டேன்னு சொல்ல வந்த. நான் சொல்ல வுடல. அது இன்னாம்மா?" அவள் முறத்தை நிறுத்தவில்லை. உமி என் மேலெல்லாம் பறந்தது. நான் நகரவில்லை. அந்த முறம் சாமை தீர்ந்த பிறகுதான் பேசினாள்.

"அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மாமா. இப்ப அது உங்ககிட்டச் சொல்ற விசயம் இல்ல. அவருகிட்ட ஒருவாட்டி கேட்டேன். அவருக்குத் தெரியும்."

"அவன வரச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம். நீங்க சொல்லி அவரு வந்தா, வந்தது நீங்கதான் மாமா."

இப்படி ஒரு பேச்சுக்குப் பதில் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்ததை நம் ஊர் பார்த்திருந்தால் நம்பியிருக்காது. கிளம்பும்போது, அவள் சொன்னதையாவது உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க. மேல ஒண்ணும் சேக்காதீங்க" என்றாள். அதனால்தான் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை அடித்து எழுதினேன், என் சொல் எதுவும் உள்ளே புகுந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்து. அவள் உன்னிடம் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. நீ எனக்குச் சொல்லவும் வேண்டாம்.

மாதக் கடைசியில் ஊர் கூடும்போது உன் பக்கத்தில் எடுத்துப் பேச யாரும் எழுந்து நிற்காவிட்டால் வழக்கும் கல்யாணமும் அத்தோடு தீர்ந்துவிடும். அவள் பாட்டுக்கு அவள், உன் பாட்டுக்கு நீ. நம் மலையில் அது அவளுக்கு அவமானம் இல்லை, வேறு இடத்தில் வாழ்க்கை அமைத்துக்கொள்ளலாம். அதுவே உங்கள் இருவருக்கும் நல்லது என்று உனக்குத் தோன்றினால் அதையும் நான் தடுக்கப்போவதில்லை. புருஷன் தன் வாயால் பேசக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதா என்று ஊர்க்கவுண்டரிடம் கேட்டேன். இதுவரைக்கும் யாரும் பேசினதில்லை, அவ்வளவுதான் என்றார். கூட்டத்துக்கு முன்னால் பேசுவதா, பின்னால் பேசுவதா, பேசாமல் இருப்பதா, அது உன் பாடு. ஒரு நாள் முழுக்க வெறும் ஆமாம் இல்லை என்று தடுமாறினாலும் உன் வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும். அழகாகப் பேசவேண்டும் என்று நினைக்காதே. அழகாகப் பேசினால் என்ன ஆகும் என்று நான் உனக்குக் காட்டியிருக்கிறேன்.

வா என்று எழுத என் கை துடிக்கிறது. எழுதவில்லை. சத்யா வேண்டாம் என்றுவிட்டாள். அவள் சொல்லை நான் ஒரு தடவை பாதியில் வெட்டியிருக்கிறேன், இரண்டாம் தடவை வெட்டமாட்டேன்.

அடுத்த வாரமும் எழுதுவேன். மழை எப்படி, மாடு எப்படி, உன் அம்மாவின் முழங்கால் எப்படி என்று எழுதுவேன். இதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. எனக்குச் சொல்ல ஏதாவது தோன்றிக்கொண்டேதான் இருக்கும். நான் பேசாமல் இருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா